பதினோராவது பெட்டியில் பூத்த வெள்ளை

2025 ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. பதினோராவது பெட்டி சோப்பு ஊற்றினேன்.

தேங்காய் எண்ணெய் 700 கிராம், பாம் எண்ணெய் 300, கோஸ்டிக் சோடா 158, தண்ணீர் 410. போன தடவை தண்ணீர் 380தான். சோடா கரையும்போது எழும் ஆவி தொண்டையைப் பிடிக்கிறது. தண்ணீர் கூட இருந்தால் கொஞ்சம் அடங்கும் என்று நானாக முப்பது கூட்டிக்கொண்டேன். தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் கூரைக்கடியில் வைத்து, கையுறை போட்டு, தண்ணீரில் சோடாவைக் கொட்டினேன். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது பொங்கி முகத்துக்கு வரும்.

எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அடுப்போரம் வைத்து இளக்கி, இரண்டையும் சேர்த்து நாற்பது நிமிஷம் கிண்டினேன். கரண்டியால் மேலே கோடு போட்டால் அந்தக் கோடு அழியாமல் நிற்க வேண்டும். இலேசாகத்தான் நின்றது. கை விட்டுப்போயிற்று, போதும் என்று ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றிவிட்டேன்.

ஊற்றுமுன் வழக்கம்போல ஒரு சிட்டிகை கோயில் திருநீறு. மாரியம்மா துணை.

கடைச் சவுக்காரம் பட்டால் என் வீட்டுக்காரர் கை வெடிக்கிறது. தேயிலை ஃபெக்டரியில் நாள் முழுக்கக் கொழுந்துச் சாறு, வந்து சவுக்காரம், பிறகு இரத்தம். அதற்காகத்தான் போன வருஷம் ஒரு சிங்கள அம்மாவின் வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தேன். இப்போது எங்கள் லயத்து வரிசையில் ஒன்பது வீடு என்னிடம் வாங்குகிறது.

ஜூன் 4, புதன்

தொடவில்லை. மூடியும் போடவில்லை. ஆறட்டும்.

ஜூன் 5, வியாழன்

பெட்டியைத் தட்டிச் சவுக்காரத்தை வெளியே எடுத்தேன். மேல் பக்கம் முழுக்க வெள்ளை.

மாவு சலித்துத் தூவியது போல. இல்லை, கையால் தூவினால் இப்படிச் சீராக வராது. விரல் வைத்தால் ஒட்டுகிறது, மெத்தென்று இருக்கிறது. திருநீறு. நான் போட்டது ஒரு சிட்டிகை, அதுவும் உள்ளே கலந்து போனது. அது எப்படி மேலே வந்து இவ்வளவாகும்?

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குளித்து வந்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் பலகை போட்டு அதன்மேல் வைத்து விளக்கேற்றினேன். சொல்ல வெட்கம்தான், அழுதேன். இத்தனை வருஷத்தில் எனக்கென்று எதையும் கேட்டதில்லை தாயே, கேட்காமலே வந்தாயா?

பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து கிருஷ்ணகுமாரி, இடுப்பில் பிள்ளை யதுஷாவோடு சீனி கேட்டு வந்தாள். பார்த்ததும் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"கலாக்கா, என்னாது இது?"

"நான் ஒண்ணும் பண்ணலடி குமாரி. தானா பூத்திருக்கு."

பிள்ளையையும் கைகூப்ப வைத்தாள். சீனி வாங்காமலே போனாள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஜெயம்மாக்கா கூடையோடு நேரே இங்கேதான் வந்தார். லயத்தில் எந்தச் செய்தியும் அவர் வாயைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அம்மா வந்துட்டாடி! சோப்புலயே வந்துட்டா! முப்பது வருசமா முட்டி வலியோட படியேறிக் கும்புடுறேன், என் வீட்டுக்கு வரல. இவ சோப்புக்கு வந்திருக்கா பாரு. சூடம் எங்கடி?"

வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து பலகையைச் சுற்றி நடந்து பார்த்தார். "அப்ப இது குளிக்கிறதா, பூசிக்கிறதா?" என்றார். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

விரதம். விடியுமுன்பே பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மேல் லயத்திலிருந்தும் வந்தார்கள். கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டி, பேப்பரில் மடித்துப் பதினேழு பொட்டலம் கொடுத்தேன். சுரண்டும்போது சவுக்காரமும் கொஞ்சம் கூடவே வந்தது. யார் யாருக்கு என்று கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டேன். பிரசாதத்தில் ஒருவர் விடுபட்டால் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

பூசாரி ஏழுமலை அண்ணன் கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு துளி எடுத்து நெற்றியில் இட்டார், ஒரு துளி நாக்கில். கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் இருபது பேர் நின்றார்கள்.

தலைவர்தான் பேசினார்: "இந்தத் தடவ ஆடி வெள்ளிக்கு மொதல் பால்குடம் விஜயகலாதான் தூக்கணும். என்னா பூசாரி?"

அண்ணன் தலையாட்டினார்.

முதல் பால்குடம். பத்தொன்பது வருஷமாகக் குடம் எடுக்கிறேன், இருபதாவது ஆளுக்குப் பின்னால்தான் நிற்பேன். முதல் குடம் என்றைக்கும் தலைவர் வீட்டு மருமகளுக்குத்தான் போகும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ வந்தவளுக்கு அதெல்லாம் ஏது என்று நானே மனதைக் கட்டி வைத்திருந்தேன். கட்டி வைத்த ஆசை எவ்வளவு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 8, பௌர்ணமி போயா நாள், நாலாவது ஆடி வெள்ளி. காலண்டரில் சுழித்து வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய், பொசொன் போயா

பன்னிரண்டாவது பெட்டி. எல்லாம் பதினோராவது போலவே. அதே 410 தண்ணீர், அதே சிட்டிகை திருநீறு. ஊற்றி வைத்த இடத்தில் கூரை ஒழுகியது. பொலித்தீன் உறை ஒன்றைக் கிழித்து மேலே ஒட்டிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வெள்ளை இல்லை.

பளபளவென்று, தந்தம் மாதிரி ஒரே நிறம். என்ன குறை வைத்தேன்? தலைக்குக் குளித்துவிட்டுத்தான் செய்தேன். தீட்டில்லை. வீட்டில் கருவாடுகூட இல்லை. யாரையாவது மனதில் திட்டினேனா? தலைவர் வீட்டு மருமகள் முகம் ஒரு தரம் வந்து போனது உண்மை. அதற்காகவா?

பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் பொலித்தீன் மடிந்து விலகியிருக்கிறது. அங்கே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு முக்கோணமாக வெள்ளை. அதே மெத்து. பொலித்தீன் ஒட்டிய ஓரம் எப்படிப் போகிறதோ அப்படியே கோடு போட்டது போல வெள்ளையும் நிற்கிறது.

அம்மனுக்குப் பொலித்தீன் ஒரு தடையா?

எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள் தாயே.

ஜூன் 13, வெள்ளி

பாத்திரம் ஒதுக்கும்போது சோடா டின்னை எடுத்தேன். மூடியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. விரலில் எடுத்துப் பார்த்தேன். உலர்ந்து நின்ற இடத்தில் அதே வெள்ளைதான். இங்கே யாரும் கும்பிடவில்லை, யாரும் சிட்டிகை போடவில்லை.

டின்னைத் துணியில் சுற்றிக்கொண்டு பத்தரை பஸ்ஸில் றக்வானை டவுனுக்குப் போனேன். நுஹ்மான் நானா கடையில்தான் எப்போதும் சோடாவும் எண்ணெயும் வாங்குவது. மூடியைக் காட்டியதும் சிரித்தார்.

"மூடிய நல்லா இறுக்கல்ல நீங்க தங்கச்சி. காத்துப் பட்டா சோடா இப்பிடித்தான் வெள்ளயா பூக்கும். எனக்கு ஒரு டின்னே இப்பிடிப் போன. மெய்தான், புதுசு ஒண்டு தரட்டா?"

வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. "ஏன் மொகம் இப்பிடி? இது ஒரு நஷ்டமா? சொரண்டி எறிஞ்சா முடிஞ்ச."

வீட்டுக்கு வந்து அந்தச் சிங்கள அம்மாவின் வீடியோவைப் போட்டேன். அது இருபத்தெட்டு நிமிஷம். நான் எப்போதும் பதினெட்டோடு நிறுத்திவிடுவேன், டேட்டா போகும், மீதி ரிப்பன் கட்டுவதாக இருக்கும் என்று. இன்று கடைசிவரை பார்த்தேன். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் ஒரு சவுக்காரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். மேலே வெள்ளை. என் வீட்டுப் பலகையில் இருப்பதேதான். இன்னும் எண்ணெயோடு சேராத சோடா மேலே காற்றைத் தொட்டால் இப்படி வருமாம். தண்ணீர் கூடினால் வரும், குளிரானால் வரும், நன்றாகக் கெட்டியாகுமுன் ஊற்றினால் வரும், மூடாமல் விட்டால் வரும். நாலையும் நான் செய்திருக்கிறேன். "பய வென்ன எபா" என்கிறார். பயப்பட வேண்டாமாம். சுரண்டிவிட்டால் போதுமாம்.

சுரண்டித்தானே அம்மா கொடுத்திருக்கிறேன். பதினேழு பொட்டலம்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 14, சனி

சொல்லவில்லை. மழை.

ஜூன் 15, ஞாயிறு

ஜெயம்மாக்கா வாசலில் காலை மடக்கி நீட்டிக் காட்டினார். முட்டி வலி பாதி போய்விட்டதாம். "ஒன் புண்ணியம்டி" என்று என் தலையைத் தொட்டார். இதுவரை என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

எப்படிச் சொல்வேன்? நெற்றியில்தானே இட்டுக்கொள்கிறார்கள், கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதானே. ஆடி வெள்ளி முடியட்டும் என்று ஒரு நினைப்பு. இதை இந்தக் கொப்பிக்குக்கூட மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

பக்கத்துக் காம்பராவில் பிள்ளை இருமுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

யதுஷாவுக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல். குமாரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து வேளைக்கு ஒரு சிட்டிகையாக நாக்கில் வைத்திருக்கிறாள். திருநீறு என்றால் நாங்கள் எல்லாரும் அப்படித்தானே செய்வோம், நெற்றிக்குக் கொஞ்சம், வாய்க்குக் கொஞ்சம். எனக்கே என் அம்மா அப்படித்தான் வைத்து வளர்த்தாள். எனக்கு அது ஏன் தோணல? ஏன் தோணல எனக்கு?

காலையில் பிள்ளை கத்துற சத்தம் கேட்டு ஓடினேன். உதடு வீங்கி, நாக்கு சிவந்து, எச்சிலை விழுங்க முடியாமல் வடிய விட்டுக்கொண்டு நிற்கிறது. நாலு வயசுப் பிள்ளை. வாயைப் பச்சைத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினோம். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், குமாரி முன்னால், நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால்.

டிஸ்பென்சரி ஐயா வாயைத் திறக்க வைத்துப் பார்த்தார். "என்னா குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. திருநீறுதான்."

"திருநீறுக்கு இப்படி ஆகாது. என்னா குடுத்தீங்க, உண்மையச் சொல்லுங்க."

குமாரி அழ ஆரம்பித்தாள். "சத்தியமா திருநீறுங்க ஐயா."

நான் சொன்னேன்: "அது திருநீறு இல்லீங்க. சோப்புக்குப் போடுற சோடா. நான்தான் குடுத்தேன்."

குமாரி திரும்பி என்னைப் பார்த்தாள். இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜூன் 18, புதன்

நேற்றே த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு இன்று மத்தியானம் அனுப்பிவிட்டார்கள். மேல் தோல் மட்டும்தானாம், உள்ளே இறங்கவில்லையாம், ஒரு கிழமையில், ஏழெட்டு நாளில் ஆறிவிடுமாம். இதைக் குமாரி என்னிடம் சொல்லவில்லை. அவள் புருஷன் பீலியில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

விடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பதினேழு பெயர். அதை எழுதி வைத்ததற்கு ஒரு பிரயோஜனம் இதுதான். "வாயில வைக்காதீங்க, அது சோடா, பிழை என்னோடது, திருப்பிக் குடுத்துருங்க." ஒவ்வொரு வாசலிலும் இதே நாலு வார்த்தை. சிலர் பேசாமல் கொடுத்தார்கள். ஒருத்தி பொட்டலத்தைத் தரையில் போட்டாள், நான் குனிந்து எடுத்தேன். மேல் லயத்தில் இரண்டு பேர் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லையாம், தொண்டை கொஞ்சம் எரிந்ததாம். சாமி கோபமாக்கும் என்று நினைத்தார்களாம்.

பதிமூன்று பொட்டலம் கைக்கு வந்தது. குடித்தது இரண்டு. குமாரியிடம் கேட்கவில்லை. அது தீர்ந்தது எனக்குத் தெரியும். மீதி ஒன்று. ஜெயம்மாக்கா தரவில்லை.

"அம்மன் காரியத்துல இல்லன்னு சொல்ல நீ யாருடி?"

"அக்கா, அது சோடாக்கா."

"அப்ப என் முட்டிக்கு?"

வாயில் மட்டும் வைக்க மாட்டேன் என்று சாமிப் படத்தைத் தொட்டுச் சொல்ல வைத்தேன். படத்துக்குப் பின்னால் சொருகிக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

கோயில். பூசை முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்தேன். பன்னிரண்டாவது பெட்டிச் சவுக்காரத்தில் அந்த மூலைத் துண்டையும், சோடா டின் மூடியையும் கொண்டு போயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூடின இடத்தில் இல்லை, திறந்த இடத்தில் இருக்கிறது, டின் மூடியிலும் அதே வெள்ளைதான் என்று காட்டினேன். போன வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும், நாலு நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

"நேத்து வரைக்கும் நீயும்தானடி விழுந்து விழுந்து கும்புட்ட?" ஜெயம்மாக்கா.

"ஆமாக்கா. கும்பிட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, "மொதல் கொடத்துக்கு ஆசப்பட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா" என்றார்கள். யார் என்று பார்க்கவில்லை. சொன்னது சரி.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்போ குடம் வழக்கம்போலப் போகட்டும் என்றார். அவர் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளுக்கும் சங்கடம்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஏழுமலை அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நாக்குல வச்சதுமே எனக்குத் தெரியும் தங்கச்சி. நாப்பது வருசமா திருநீறு தின்ன நாக்கு. சுருக்குனுச்சு."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"அத்தன பேரும் சந்தோசமா நின்னாங்க. தேயில வெல, அரிசி வெல, எதுலயும் ஒரு சந்தோசம் இல்ல இந்தத் தோட்டத்துல. நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

அன்றைக்கே இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வாய் வெந்திருக்காது. பிறகு நினைத்தேன், இவர் மற்றவர்கள் சந்தோஷத்துக்காக வாயை மூடினார். நான் எதற்காக?

"பிள்ள கஞ்சி குடிக்குதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

யதுஷா சிரிக்கிறாள். காம்பராவுக்கு நடுவில் சுவர் கூரைவரை போகவில்லை, எல்லாம் கேட்கும்.

வாசலைத் திறந்தால் இரண்டு சவுக்காரம். போன மாசம் குமாரி வாங்கியது. உறை பிரிக்கவில்லை. ஒன்பது வீட்டில் ஆறு வீடு இப்படித் திருப்பிவிட்டார்கள். அதெல்லாம் நல்ல பெட்டி, ஒன்றும் செய்யாது. போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஜூன் 24, செவ்வாய்

நிறுத்திவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்தார், விரல் முட்டியெல்லாம் வெடிப்பு. நாலு நாளாகக் கடைச் சவுக்காரம் போடுகிறார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டு கலா. ஆனா ஒண்ணு. அந்தச் சோடா டின்ன சாமித் தட்டுக்குக் கீழ வைக்காத. ஒரு நாள் நீ விளக்குக்கு எண்ண ஊத்துறேன்னு அத எடுத்து ஊத்திருவ."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், சாமித் தட்டுக்கு நேர் கீழே. ஒரு வருஷமாக அங்கேதான் வைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு.

டின்னைப் பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றினேன்.

ஜூன் 27, வெள்ளி

பதிமூன்றாவது பெட்டி.

எண்ணெய் அதே 700, 300. சோடா 158. தண்ணீர் 290. ஆவி தொண்டையைப் பிடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குப் பயந்து தண்ணீர் கூட்டுவது இனி இல்லை. தராசுக்குப் புது பேட்டரி.

திருநீறு பாத்திரத்தில் போடவில்லை. என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். கோயிலிலிருந்து வந்தது.

ஒரு தடை வந்தது. கிண்டி எட்டே நிமிஷத்தில் கெட்டியாகிவிட்டது. கோடு அழகாக நிற்கிறது. சந்தோஷத்தில் ஊற்றப்போனேன். பாத்திர ஓரத்தில் பார்த்தால் வெள்ளைத் திட்டு, தொட்டால் சில்லென்று. இது சோடா சேர்ந்து கெட்டியாகவில்லை, குளிரில் எண்ணெய்தான் உறைகிறது. இப்படியே ஊற்றியிருந்தால் மேலே எண்ணெய், அடியில் சோடா என்று பிரிந்திருக்கும். பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டியில் இறக்கினேன். மறுபடி இளகி ஓடியது. திரும்பக் கிண்டினேன், ஐம்பது நிமிஷம். இந்தத் தடவை சூடாக இருக்கும்போதே கோடு நின்றது. அதுதான் கணக்கு.

ஊற்றியதும் பொலித்தீனை ஒரு மூலைகூட விலகாமல் ஒட்டினேன். பெட்டியை இரண்டு பழைய துவாயில் சுற்றி அடுப்புத் திட்டில் வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வெள்ளை இல்லை. நாலு மூலையும் பார்த்தேன்.

பன்னிரண்டு துண்டு. விரலை நனைத்துச் சவுக்காரத்தில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தேன். பேட்டரியைத் தொட்டதுபோலச் சுருக் என்றது. சோடா இன்னும் எண்ணெயோடு முழுக்கச் சேரவில்லை. உடனே வாய் கழுவினேன். இந்தச் சுருக்கை ஒரு நாலு வயசு நாக்கு ரெண்டு நாள் தாங்கியிருக்கிறது.

இனி ஒவ்வொரு ஞாயிறும் என் நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு துண்டும் வெளியே போகாது.

ஜூலை 6, ஞாயிறு

நாக்கு சும்மா இருந்தது. ஆனாலும் ஆறு கிழமை காயட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

துண்டெல்லாம் வியர்த்து நிற்கிறது, துளித் துளியாக. ஐயோ இது என்ன புதுசா என்று பயந்துபோய் வீடியோவைப் பார்த்தேன். மழைக் காலத்து ஈரத்தைச் சவுக்காரம் இழுத்துக்கொள்கிறதாம், பிழையில்லையாம். ஆனாலும் நாக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. துடைத்து, காற்று படுகிற மாதிரி அடுப்புக்கு மேல் பரணில் இடைவெளி விட்டு அடுக்கினேன். இரத்தினபுரிப் பக்கம் முழுக்க வெள்ளம் என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்த மழையில் மனுஷனே வியர்க்கிறான், சவுக்காரம் வியர்க்காதா.

பீலியில் குமாரியைக் கண்டேன். நான் முதலில் நிறைக்கட்டும் என்று தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு தன் குடத்தை நிறைத்துக்கொண்டு நகர்ந்தாள். முகம் பார்க்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நாக்கு: ஒன்றும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

நாக்கு: ஒன்றும் இல்லை. ஜெயம்மாக்காவுக்கு முட்டி மறுபடி பிடித்துக்கொண்டதாம். "நீ வாயத் தொறந்த, அம்மா கோச்சிக்கிட்டா" என்று வழியில் நிறுத்திச் சொன்னார். அந்தப் பொட்டலம் இன்னும் படத்துக்குப் பின்னால்தானாம். மழைக்கு நனைந்து கட்டியாகிவிட்டதாம். தூக்கிப் போடுங்கக்கா என்றேன். "அது கெடக்கட்டும், ஒனக்கென்னா?"

ஆகஸ்ட் 8, வெள்ளி, போயா

பால்குடம். தலைவர் மருமகள் முதலாவது. நான் இருபத்துமூன்றாவது. எனக்கு முன்னால் குமாரி.

இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்று முன்னால் இருப்பவர்களின் முதுகையே எண்ணிக்கொண்டிருப்பேன். இன்று எண்ணவில்லை. மேட்டுப் படியில் மழை பிடித்துக்கொண்டது. வழுக்கியது. குடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஏறினேன். பால் சிந்தவில்லை.

இன்றோடு பதிமூன்றாவது பெட்டிக்கு ஆறு கிழமை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பரணில் மீதியிருந்த துண்டுகளை இறக்கி மேசையில் வைத்தேன். கல்லு மாதிரி. ஒன்றோடொன்று தட்டினால் டக் டக்கென்று சத்தம். ஒன்றை நேற்றே அவருக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் மேசையில் பதினொன்று.

கதவு திறந்துதான் இருந்தது. குமாரி வாசலில் நின்றாள், கையில் கோப்பை. யதுஷா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

"சீனி இருக்கா?"

எழுந்து போத்தலை எடுத்தேன். அவள் உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எத்தனாவது?"

"பதிமூணு."

"மேல வெள்ள இல்ல."

"இல்ல. மூடி வச்சேன்."

"நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

"வாரா வாரம் பாக்குறேன். இன்னைக்கும் பாத்தேன்."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்து ஒரு துண்டில் நன்றாகத் தேய்த்தாள். "குமாரி, நான்தான் பாத்துட்டேன்ல" என்றேன். அவள் கேட்கவில்லை. நாக்கை நீட்டி வைத்தாள். கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துவரை எண்ணியிருப்பேன். முகம் கோணிற்று. வாசலுக்குப் போய்த் துப்பி, வாய் கொப்பளித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சோப்பு சோப்பாத்தான் இருக்கு" என்றாள்.

யதுஷா நாக்கை நீட்டிக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தாள். "எனக்கும்."

"கொன்னுருவேன். நீ கைய மட்டும் கழுவு" என்று குமாரி பிள்ளையின் தலையில் தட்டினாள். பிறகு மேசையிலிருந்து இரண்டு துண்டை எடுத்தாள். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள், முனை உடையாததாகப் பார்த்து.

"வாரேன்க்கா."

பதிமூன்றாவது பெட்டி: பன்னிரண்டு. வீட்டுக்கு ஒன்று. குமாரி வீட்டுக்கு இரண்டு. மீதி ஒன்பது.

சீனியைக் கோப்பையில் நிறைத்து வைத்திருந்தேன். மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எறும்பு வராமல் தட்டுப் போட்டு மூடி வைத்தேன். தேத்தண்ணிக்கு அடுப்புப் பற்றவைத்ததும் வருவாள்.